செல்வி சொன்ன அர்த்தம்

12-7-1986, சனி

குற்றாலத்தில் சீசன். ஊரிலுள்ள வாடகை வீடியோ டெக்கெல்லாம் லாட்ஜுகளுக்குப் போய்விட்டன. ஒரு லாட்ஜ் மேனேஜரிடம் கெஞ்சி ஒன்றைத் தென்காசிக்குத் தூக்கி வந்தேன். துபாயிலிருந்து சிநேகிதன் கொடுத்துவிட்ட கேசட் போட. நாங்கள் அங்கே இருந்தபோது என் மகள் செல்வி டிவியில் ஒருநாள் விடாமல் பார்த்த ஜப்பான் பொம்மைத் தொடரின் தொடர்ச்சியாக வந்த சினிமா. பேச்செல்லாம் அரபி.

"வேல போயி மூணு மாசமாவுது, இதுல பொம்மப் படம் வேற" என்றார் மச்சான், பிள்ளை காதில் விழும்படியே. இருப்பது அவர் வீடு. டெக்கின் வயரை டிவியில் செருகினேன்.

சாயங்காலம் தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். செல்வி டிவி பக்கத்தில் நின்று ஒவ்வொரு பேச்சையும் தமிழில் சொன்னாள். எட்டு வயசுக்கு என்ன மிடுக்கு!

தொடரின் முடிவில் ஊர் அழிந்து, ஒரு குடும்பம் கப்பலேறிவிடும். படம் அந்தக் கப்பலில் தொடங்குகிறது. எப்போது வீட்டுக்குப் போவோம் என்று மகள் கேட்கிறாள். இனி போகவே முடியாது என்கிறான் தகப்பன்.



"ஏட்டி, என்ன சொல்லுதாரு?" என்று பக்கத்து வீட்டுப் பெண் செல்வியை அவசரப்படுத்தினாள்.

"லீவு முடிஞ்சதும் போயிருவோம்னு சொல்லுதாரு."

மூன்று மாதமாக நான் அவளிடம் சொல்லிவரும் பொய், ஒரு எழுத்து மாறாமல்.

மச்சானுக்காவது நாளைக்கு ஏதாவது பதில் சொல்லிவிடலாம். படம் முடியும்வரை செல்வி என் பக்கம் திரும்பவில்லை. எனக்கும் அரபி தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.