கொம்பு வைத்த ஓடம்

சேசு மரி சூசை துணை

ஏலாக்குறிச்சி
22-8-1948

அன்பு மகன் அமிர்தசாமிக்கு அம்மா எழுதுவது. அடைக்கல மாதா தயவால் நாங்கள் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், உன் அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் குறைந்திருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். பினாங்கில் நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று விவரமாக எழுது. போன கடிதத்தில் முக்கால்வாசியும் கப்பலைப் பற்றியே எழுதியிருந்தாய், கப்பல் இளைத்துப் போனால் எனக்கென்ன. உன் தங்கை சாந்தி மேரிக்கு வரதராஜன்பேட்டையில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் சுகம், குழந்தைக்கு உன் மூக்கு. துறைமுகத்தில் வேலை செய்யும்போது தரையில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் மட்டும் கால் வைக்காதே, கயிறு இழுத்துக்கொண்டால் உன்னைக் கேட்டுக்கொண்டு இழுக்காது.

நீ அங்கிருந்து ஊருக்கு வந்த உத்திராபதியிடம் கொடுத்தனுப்பிய இரும்பும் கயிறும் வைகாசியிலேயே வந்து சேர்ந்தன. கயிற்றைச் சுற்றிக் கட்ட இரண்டு பக்கமும் கொம்பு நீட்டிய அந்த இரும்பை அப்பா கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. நீ கொள்ளிடத்து ஓடம் வேண்டாமென்று கப்பலேறிய அன்று, "ஓடத்தை வுட்டுட்டுப் போறவன் இனிமே ஓடத்தைப் பத்தி எங்கிட்ட பேசவேணாம்" என்று சொன்னவர், இரண்டு வருஷமாக உன் பேரையே எடுக்கவில்லை. நான் உன் கடிதங்களைச் சத்தமாகப் படித்தால் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார். சோற்றில் உப்பில்லை என்றால் சொல்லலாம், பெற்ற பிள்ளை மேல் பேச்சில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வேன், எனக்கிருந்த கவலை இது ஒன்றுதான். கடைசியில் நானே ஆசாரியைக் கூப்பிட்டு இரும்பை ஓடத்தின் மூக்கில் முடுக்கச் சொல்லிவிட்டேன். அப்பா பார்த்துவிட்டு, "ஓடத்துக்குக் கொம்பு மொளச்சிருக்கு, முட்டப்போவுது" என்று சொல்லிவிட்டு, எப்போதும்போல மூக்கு வளையத்திலிருந்து கரையோரத்து மருத வேருக்குக் குட்டையாக முடிச்சுப் போட்டு, அதில் குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்த குருத்தோலையைச் சொருகினார். குருத்தோலை வைத்த முடிச்சை வெள்ளம் வடிகிறவரை நம் துறையில் யாரும் அவிழ்க்க மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும்.

போன வியாழக்கிழமை அப்பா பல் பிடுங்க அரியலூருக்கு பஸ் ஏறினார். ஆற்றுச் சுழலுக்குப் பயப்படாத மனுஷன் குறடுக்குப் பயந்து மூன்று வாரம் தள்ளிப்போட்டதே பெரிய கதை. உச்சிப்பொழுதில் அரியமுத்து ஓடி வந்தான், அப்பாவோடு துடுப்புப் போடுகிறவன்தான், மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், ஆறு ஏறுகிறது என்றான். போய்ப் பார்த்தால் மருத வேர் முழுகிவிட்டது, கட்டிய கயிறோ குட்டை, தண்ணீர் ஓடத்தைத் தூக்கப் பார்க்கிறது, கயிறு மூக்கைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. முன்பக்கம் தண்ணீர் வழிந்து உள்ளே வர இன்னும் நாலு விரல்தான் இருந்தது. முடிச்சை அவிழ் என்றேன். "அம்மா, அது ஒங்க மாதா கட்டு, நான் தொட்டா எங்க ஐயனாரே என்னைக் கேப்பாரு" என்று கைகட்டி நிற்கிறான். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

உன் கயிற்றின் ஒரு முனையை மேட்டிலிருந்த மரத்தின் நடுவில் உயரமாகக் கட்டச் சொன்னேன். இருவரும் இடுப்பளவு தண்ணீரில் போய் ஓடத்தில் ஏறினோம். நீ எழுதியிருந்தபடி, முதலில் அடியில் ஒரு சுற்று, பிறகு கொம்புக்குக் கொம்பு இங்கிலீஷ் எட்டுப் போலக் குறுக்கே என்று நான் சொல்லச் சொல்ல அரியமுத்து சுற்றினான். மாதாவே மன்னியுங்கள் என்று சொல்லி நான் அரிவாளால் பழைய கட்டை அறுத்தேன். மூக்கு குபீரென்று மேலே வந்தது, ஓடம் பின்னால் ஓடியது, நீ அனுப்பிய கயிறு விண்ணென்று நின்றது. பிறகு எட்டைக் குலைத்து, அடிச் சுற்றை விடாமல், முழம் முழமாக இளக்கிக் கரையோரத்து அமைதியான தண்ணீரில் ஓடத்தைச் சேர்த்தோம். ஒரு ஆள் கையால் அவ்வளவு பெரிய இழுப்பை அடக்க முடியும் என்று நான் நினைக்கவே இல்லை. அறுந்த குருத்தோலையைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன், விபூதிப் புதனுக்குச் சாமியார் சாம்பலுக்காக எரிக்கப் பழைய ஓலை கேட்கும்போது கொடுத்துவிடுவேன்.

சாயங்காலம் அப்பா தாடையில் துணி கட்டிக்கொண்டு வந்தார். அறுபட்ட கயிற்றைப் பார்த்தார். வாயைத் திறக்க முடியாததால் நான் தப்பித்தேன். ஓடத்தில் ஏறி உன் கயிற்றை அவிழ்த்துச் சுற்றினார், மறுபடி அவிழ்த்தார், மறுபடி சுற்றினார், இருட்டுகிறவரை அதே வேலை. மூன்று நாள் கஞ்சி குடித்துவிட்டு, இன்று காலைப் பூசை முடிந்து வந்து வீக்கம் வடிந்த வாயால் முதலில் சொன்னது இதுதான், அப்படியே எழுதுகிறேன்: "பின்பக்கத்துக்கும் அந்த மாதிரி ஒண்ணு வேணும். அமிர்தசாமிக்கு எழுது. யார்கிட்டயும் குடுத்தனுப்ப வேணாம், கையோட கொண்டாரச் சொல்லு."

உனக்கு ஒரு குறையும் வராமல் மாதா காப்பாற்றட்டும், மோட்சத்துச் சம்மனசுகள் உன் கூடவே வரட்டும். லீவு கேட்க மறக்காதே, எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று உடனே எழுது. நாகப்பட்டினத்துக்கு என்னை வரவேண்டாம் என்கிறார், அவரே வருகிறாராம்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
இன்னாசிமேரி