மாரிக்குப்பம் ஆகாத கல்

இன்று மத்தியானம் வானியல் சங்கத்திலிருந்து மைசூர்பாக்கு டப்பா வந்தது. மூடியைத் திறக்கும் முன்பே நெய் வாசனை. நீ கண்டுபிடித்த கல்லுக்குப் பேர் வைத்துவிட்டார்களாம். செயலாளருடைய மாமனாரின் பேர். 

பெங்களூரு பீன்யாவில் ஒரே பட்டறையில் வாரம் முழுக்க வேலை பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் தூங்குவார்கள், நீ என்னைக் காக்ஸ் டவுனில் இருக்கும் சங்க அறைக்கு இழுத்துப்போவாய். வெளிநாட்டுத் தொலைநோக்கி ஒன்று வானத்தின் ஒரே இடத்தை அடுத்தடுத்து எடுத்த படங்களைக் கணினியில் மாற்றி மாற்றிப் பார்ப்போம். விண்மீன்கள் அப்படியே நிற்கும். ஒரு புள்ளி மட்டும் நகர்ந்தால் அது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிற கற்களில் ஒன்று. எனக்கு எல்லாமே தூசியாகத்தான் தெரிந்தது. ஒருநாள் நீ டீயைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்து அழுத்தினாய். வலித்தது. திரையில் ஒரு புள்ளி நகர்ந்திருந்தது.

நம் சங்கத்தில் ஒரு வழக்கம். கணினியில் செயலாளரின் கணக்கு எப்போதும் திறந்தே கிடக்கும், யார் எதைப் பார்த்தாலும் கற்களைப் பதிவு செய்யும் வெளிநாட்டு மையத்துக்கு அதிலிருந்தே அனுப்புவோம். நீயும் அனுப்பினாய். உனக்கென்று ஒரு கணக்கு தொடங்கு என்றேன். அவர் நம்மாள்தானே என்றாய். அந்த நம்மாள் உன்னைத் தட்டிக்கொடுத்து போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

கல்லின் பாதை உறுதியாகிப் பேர் வைக்க வருஷங்கள் ஆகும் என்றார்கள். நீ அன்றைக்கே பேரை முடிவு செய்துவிட்டாய். நம் ஊரில், கோலார் தங்கவயல் சுரங்கத்தில் கல் உடைத்து நுரையீரல் கெட்டுச் செத்தவர் உன் அப்பா.

"ஒடைச்சவங்க பேரு எங்கயும் இல்லடா. ஒரு கல்லுக்காவது மாரிக்குப்பம்னு நம்ம ஊரு பேரு இருக்கட்டும்."

பேர் வருவதற்குள் நீ மாரடைப்பில் போய்விட்டாய்.

செயலாளருக்கு போன் செய்தேன். கண்டுபிடித்தவர் என்று தன் பேர்தான் பதிவாகியிருக்கிறது, அதற்குத் தான் என்ன செய்ய முடியும் என்றார். மாமனார் பேரை எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

டப்பாவை அவர் முகத்தில் எறியத்தான் கிளம்பினேன். தொம்மலூரில் பஸ் மாற இறங்கியபோது உன் மனைவி பார்த்துவிட்டாள், விடாமல் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். டப்பாவின் மேல் இருந்த சங்கத்தின் பேரைப் படித்ததும் அவள் சிரித்தாள்.

"பேரு வெச்சிட்டாங்களாண்ணா? மாரிக்குப்பம்தானே?"

ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். நீ போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை, எப்படிச் சொல்வது? மைசூர்பாக்கில் ஒரு துண்டை உன் படத்துக்கு முன்னால் வைத்தாள். உன் கல்லைப் பறித்தவன் அனுப்பிய இனிப்பை, உனக்கே. எனக்கும் ஒன்று கொடுத்தாள். தின்றேன்.

நீ இருந்தால் விடுடா என்பாய். என்னால் விட முடியவில்லை. அம்மா சொல்லக் கேட்டு உன் மகள் நாளைக்கே பள்ளிக்கூடத்துக் கணினியில் அந்தக் கல்லைத் தேடிப் பார்ப்பாள். அதற்குள் நான் உன் மனைவியிடம் திரும்பப் போய் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.