சரிவில் நிறுத்திய லோடு ஆட்டோ

மார்கழி 12, ஞாயிறு இரவு

நேற்று நான் செய்தது சின்னப்பிள்ளைத்தனம். பக்கத்து வீட்டு ஜேக்கப் அண்ணாச்சியின் பழைய டீசல் காருக்கு ஷெட் கிடையாது. மார்கழிப் பனியில் நனைந்தால் சாவிக்குக் கிளம்பாது. அதனால் ராத்திரி தெருச் சரிவில் நிறுத்தி, காலையில் உருட்டிவிட்டுக் கிளப்புவார். அவர் முழிப்பதைப் பார்த்துச் சிரிக்கலாமென்று அந்த இடத்தில் என் லோடு ஆட்டோவைப் போட்டுவிட்டேன். அவர் காரைச் சமதரையில் நிறுத்திவிட்டுப் போனார்.

இன்று விடியுமுன் கதவைத் தட்டினார். "ஏலே முருகா, கொஞ்சம் தள்ளுதியா? பிள்ளைக்குத் திருநெல்வேலில டீச்சர் பரீட்சை. பிந்துனா கேட்டைப் பூட்டிருவான்."

வெளியே வந்தால், பரீட்சை எழுதப் போகிற அவர் மகள் எஸ்தரே காரைத் தள்ளிக்கொண்டு நின்றாள். கையெல்லாம் கரி.

"என்ன சித்தப்பா, இன்னைக்குக் கேலி ஒண்ணும் இல்லையா?"

குனிந்து தள்ளினேன்.

சாயங்காலம் அண்ணாச்சி சொன்னார்: "கேட்டைச் சாத்தும்போது உள்ள ஓடிட்டா." ஆட்டோவை ஏன் அங்கே போட்டாய் என்று கேட்கவே இல்லை. இரண்டு வசவாவது வைதிருக்கலாம்.

இன்னொன்றும் நடந்தது. கார் கிளம்பியபோது என் லுங்கி பம்பரில் மாட்டி அதோடு போய்விட்டது. பொண்டாட்டி வேறொன்று கொண்டுவரும்வரை அந்த லோடு ஆட்டோவுக்குப் பின்னால்தான் நின்றேன்.