ஏழாம் கேள்விக்கு நான் சொன்ன பதில்

முருகன் துணை

வீரபாண்டி,
18.9.2005, ஞாயிறு.

அன்புள்ள அமராவதிக்கு,

மயில்சாமி எழுதுவது. இவ்விடம் நான் நலம் என்று தொடங்குவதுதான் முறை. இந்தத் தடவை அப்படி எழுத முடியவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நீயும் குழந்தை யாழினியும் நலமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் சத்தியம்.

கணியூரில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் மாமாதான் வந்தார். புள்ளை தோட்டத்துல இருக்குதுங்க மாப்ளே என்றார். பிறகு வாய்க்காலில் தண்ணீர் விட்டதையும் தென்னைக்கு வந்த பூச்சியையும் பற்றி விவரமாகப் பேசினார். நமக்குள் என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. நீ சொல்லவில்லை என்று புரிந்துகொண்டேன். என் மானத்தை அங்கே நீ காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய். உன் மானத்தை இங்கே நாலு பேர் முன்னால் நான் வாங்கிவிட்டேன்.

எனக்குப் பொறாமை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

போன வருடம் ஆரம்ப சுகாதார நிலையம், பஞ்சாயத்து, பனியன் கம்பெனிக்காரர்கள், மகளிர் குழுக்கள் எல்லாரும் சேர்ந்து சத்துணவுக் கூடத்தில் ஒரே மேசை போட்டபோது, உன்னை அதில் சேரச் சொன்னவனே நான்தான். மருந்துக்கு ஓர் இடம், பென்ஷனுக்கு ஓர் இடம், படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குச் சோறு கேட்க இன்னோர் இடம் என்று ஜனங்கள் அலைந்தது போதும், இனி ஒரு மஞ்சள் தாளை நிரப்பினால் எல்லாம் வீடு தேடி வரும் என்றார்கள். நல்ல காரியம் என்று நானும் தலையாட்டினேன். வீடு வீடாகத் தேடிப் போவது என் பெண்டாட்டியின் காலாக இருக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

நீ பார்க்கப் போகும் கிழவர் கிட்டுசாமி இருக்கிறாரே, வாதத்தில் இழுத்துக்கொண்ட வலது கையோடு, அவர் பேச்சு இல்லாமல் நம் வீட்டில் ஒரு வேளைச் சோறு உண்டதுண்டா? அப்புச்சிக்கு இன்னைக்கு நகம் வெட்டினேன், அப்புச்சிக்குக் களி கெட்டியா இருந்தா இறங்கறதில்லீங்க, அப்புச்சிக்குச் சர்க்கரை நூற்று எண்பதுக்குக் குறைஞ்சிருச்சுங்க என்பாய். உன் அம்மாவைப் பெற்ற சொந்த அப்புச்சிக்கு நீ ஒரு நாளாவது நகம் வெட்டியிருக்கிறாயா? அந்தச் சர்க்கரை நம்பரை நீ சந்தோஷமாகச் சொன்ன அன்றைக்குத்தான் நிட்டிங் மிஷினில் ஊசி குத்தி என் விரலில் துணி சுற்றியிருந்தேன். நீ அதைப் பார்த்து மருந்து போட்டாய் என்பதும் உண்மை. ஆனால் கிட்டுசாமிக்குப் பிறகு போட்டாய்.

அடுத்தது திருமூர்த்தி. பென்ஷன் மனுக்களை எழுதுகிறவன். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா, டிவிஎஸ் வண்டி. உன்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான், எனக்குத் தெரியாமலில்லை. அக்கா என்று கூப்பிடுகிறவன்மேலும் பொறாமைப்பட ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது எனக்கு நிறையவே இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று யார் யாருக்கு எந்தத் தாள் குறைகிறது என்று பேசுவீர்கள். நான் உள்ளே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பேன். ஒரு வார்த்தைகூடத் தப்பாக இருக்காது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

எனக்கு இருமல் வந்ததும் மூன்று தடவை, பரிசோதனைக்குச் சளி பிடிக்கும் டப்பாவை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாய். எல்லார் ஊட்டுக்கும் கொண்டு போற டப்பாவை எனக்கும் நீட்டறயா, நானும் உன் நோட்டுல ஒரு நம்பரா என்று கேட்டேன். பஞ்சுத் தூசிக்கு இருமாமல் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டு டப்பாவை அலமாரிமேல் தூக்கிப் போட்டேன். நீ மறுபடி எடுத்துத் துடைத்து வைத்தாய். மிளகுப் பாலும் போட்டுத் தந்தாய். இதெல்லாம் நடக்காதது போல நான் அந்தச் சனிக்கிழமை போய்ச் சொன்னேன் பார்.

மேசைக்கு ஏன் போனேன் என்று நீ கேட்கவில்லை. நானாகவே சொல்கிறேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போயிருந்த நேரம். மேசையில் புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் ஒரு மஞ்சள் தாள் எழுதச் சொன்னேன். நம் தெருவில் உனக்குச் சொந்தக்காரர்கள் இருப்பதால் அதை உன் பொறுப்பில் விட்டிருக்க மாட்டார்கள், அந்தத் தாள் வேறு ஆளுக்குத்தான் போகும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டிருந்தேன். வேறு ஒருத்தி பையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டீங்களா, ராத்திரி தூங்கினீங்களா என்று கேட்க வேண்டும். நீ அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு எப்படி இருக்கிறது என்று உனக்கும் தெரிய வேண்டும். அவ்வளவுதான் என் புத்தி.

நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். ஏழாம் கேள்வி, வீட்டில் கவனிக்க ஆள் உண்டா. யாருமில்லைங்க என்றேன். நாக்கு கூசவில்லை.

அந்தத் தாள் தெருவாரியாகப் பிரிந்து உன் கட்டுக்கே வந்தது. திங்கட்கிழமை மேசையில் நடந்ததைத் திருமூர்த்தி மறுநாள் எனக்குச் சொன்னான். நான்தான் வற்புறுத்திக் கேட்டேன், அவன்மேல் கோபப்படாதே. பெயரும் கதவு எண்ணும் இருக்கும் மேல்பகுதியை மடித்துவிட்டு, மீதியை மேசையில் எல்லாரும் கேட்கும்படி படிப்பது உங்கள் வழக்கமாம். யார் வீட்டுக் கஷ்டம் என்று தெரியாமல்தான் முதலில் கேட்க வேண்டுமாம். நீயும் அப்படியே படித்திருக்கிறாய். ஆண், வயது முப்பத்தாறு, நிட்டிங் வேலை, ஒரு மாதமாக இருமல், வீட்டில் கவனிக்க ஆளில்லை. டாக்டரம்மா உச்சுக் கொட்டினாராம். பாவம், இன்னைக்கே நான் போய்ப் பாத்துட்டு வந்தர்றேனுங்க என்று நீ சொன்னாயாம். சொல்லிவிட்டுத்தான் மடிப்பைப் பிரித்தாயாம்.

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? வெட்கமில்லை. பொறாமைதான். வயது முப்பத்தாறு, நிட்டிங், ஒரு மாத இருமல் என்று உன் வாயாலேயே படித்தும் உனக்கு என் நினைப்பு வரவில்லையே என்று தோன்றியது. பேர் தெரியாத எவனோ ஒருத்தனுக்காகப் பாவம் என்று சொல்லியிருக்கிறாயே என்று அவன்மேல், அதாவது என்மேலேயே, எரிந்துபோனேன். இரண்டு நாள் இப்படியே சுற்றினேன். மூன்றாம் நாள் மிஷினில் நூல் மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது. ஆளில்லாதவன் என்று படித்ததால்தான் உனக்கு நான் நினைவுக்கு வரவில்லை. என் புருஷனுக்கு நான் இருக்கிறேன் என்று நீ நினைத்திருந்தாய்.

தாளைப் படித்த அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே நீ வீட்டுக்கு வந்து சோறு வடித்து, ரசம் வைத்து மூடிவிட்டு, சளி டப்பாவுக்கு அடியில் அந்த மஞ்சள் தாளை வைத்தாய். கத்துவாய் என்று நான் எதிர்பார்த்தேன். ஆளில்லாத ஊட்டுல நான் எதுக்குங்க என்று மட்டும் சொல்லிவிட்டு, யாழினிக்குச் செருப்பு மாட்டி உடுமலை பஸ்ஸுக்குப் போய்விட்டாய். நீ வைத்த ரசத்தை அடுத்த நாள்வரை வைத்திருந்து சாப்பிட்டேன்.

இனி நலம் என்று எழுத முடியாத காரணத்துக்கு வருகிறேன். பயப்படாமல் படி.

உங்கள் மேசையில் ஒரு தாளைப் படித்துவிட்டால் அது நிற்காதாம். செவ்வாய்க்கிழமை காலையில் திருமூர்த்தி வாசலில் வந்து நின்றான். அவனைப் பார்க்கவே எனக்குக் கூச்சம். டப்பாவில் சளி பிடித்துக் கொடுத்தேன், மறுநாளும் கொடுத்தேன். வியாழக்கிழமை முடிவு வந்தது. டிபி என்று சொல்லிவிட்டார்கள். வெறும் பஞ்சுத் தூசி இருமல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது மெய்யாகவே நோயாக இருந்திருக்கிறது. நீ மூன்று தடவை டப்பா நீட்டினாய். நீ சொன்ன அன்றைக்கே கொடுத்திருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே மருந்து தொடங்கியிருக்கும்.

ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் முழுசாகக் குணமாகிவிடும் என்று டாக்டரம்மா உறுதியாகச் சொன்னார். என் பெயர் எழுதிய ஒரு பெட்டி நிறைய மாத்திரை வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை முதல் தவணை, ஒரே நேரத்தில் ஏழு மாத்திரை. அன்றைக்கெல்லாம் ஒன்றுக்குப் போனால் சாயப்பட்டறை வாய்க்கால் போலச் சிவப்பாகப் போனது. மருந்தின் வேலை, பயம் வேண்டாம் என்றார்கள். கம்பெனியில் சூப்பர்வைசரிடம் டாக்டரம்மாவே பேசி லீவு வாங்கிக் கொடுத்துவிட்டார். இருமும்போது வாயில் துண்டு வைத்துக்கொள்கிறேன். ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன். யாழினியை உடனே காட்டச் சொல்கிறார்கள், அதில் மட்டும் என்மேலுள்ள கோபத்தைக் காட்டாதே. மடத்துக்குளம் ஆஸ்பத்திரியிலேயே காட்டலாம், இங்கே கொண்டு வந்தும் காட்டலாம். நீயும் பார்த்துக்கொள்.

மாத்திரையை யாராவது ஒருவர் எதிரில் உட்கார்ந்து பார்க்க, அவர் முன்னாலேயே விழுங்க வேண்டும். இந்தச் சட்டம் உனக்குத் தெரியும், பத்துப் பேருக்கு நீதானே எதிரில் உட்கார்ந்து பார்க்கிறாய். அந்தப் பத்துப் பேர் மேலும் எனக்குப் பொறாமை இருந்தது. என் முறை வந்ததும், வீட்டு ஆட்கள் பார்க்கக் கூடாது, பாசத்தில் விட்டுக்கொடுத்துவிடுவார்கள், வெளியாள்தான் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு யாரைப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? திருமூர்த்தியை. முருகனுக்கு என்மேல் இத்தனை நாள் கோபம் இருந்திருக்கிறது. அக்கா புருஷன் என்பதால் மாமா என்று கூப்பிடுகிறான். ஏழு மாத்திரையையும் விழுங்கியபிறகு, வாயத் தொறங்க மாமா, நாக்கைத் தூக்குங்க மாமா என்றான். தூக்கிக் காட்டினேன்.

நேற்று கிட்டுசாமி வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே போகவில்லை, துண்டால் வாயை மூடிக்கொண்டு தெருவிலேயே நின்றேன். உனக்குப் பதிலாக அனுப்பிய பெண்ணிடம் கையை நீட்ட மாட்டேன் என்கிறாராம், நகம் வளர்ந்து கிடக்கிறது. நான் யாரென்று சொன்னதும், ஓ, நீதானா கண்ணு அது என்றார். அந்தப் புள்ளைக்கு இங்க வந்தாலும் உன்ற பேச்சுத்தான், இருமறாரு, டப்பா குடுத்தா எறியறாருன்னு சொல்லிச் சொல்லி ஒரு நாள் என்ற நகத்தோட சதையையும் சேத்து வெட்டிப்போட்டா, உன்னை ஒரு தடவை பாத்து நாலு கேள்வி கேக்கோணும்னு இருந்தேன் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். தழும்பு இருந்தது. 

அங்கிருந்து நேராக மேசைக்குப் போனேன். பத்தடி தள்ளி நின்று, எல்லாரும் கேட்கும்படி, நான் ஏழாம் கேள்விக்குச் சொன்னது பொய்யுங்க, எனக்கு ஆள் இருக்குது, அதை அடிச்சு எழுதுங்க என்று சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அப்படி அடித்து எழுத முடியாது, தெருப் பொறுப்பாளர் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்றார். அந்தத் தெருவின் பொறுப்பாளர் நீ. இனி வேலைக்கு வரவில்லை என்று நீ சொல்லி அனுப்பியதை அவர் இன்னும் எழுத்தில் ஏற்கவில்லை. மாதக் கடைசிவரை பார்க்கலாம் என்கிறார். உன் பை சத்துணவுக் கூடத்தில் அதே ஆணியில் தொங்குகிறது, யாரும் தொடவில்லை.

புதிய மஞ்சள் தாள் ஒன்றை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். ஆறு கேள்விக்கும் பதில் எழுதியிருக்கிறது. ஏழாவதைக் காலியாக விட்டிருக்கிறேன்.

நீ மேசைக்காக வந்தாலும் சரி, கிட்டுசாமி நகத்துக்காக வந்தாலும் சரி, காரணம் கேட்க மாட்டேன். பொறாமை போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன், ஒரு பொய்யே போதும். அது இருக்கும். இனி வாயை மூடிக்கொண்டு இருக்கும்.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். யாழினியைத் தொட்டு முத்தம் கொடுக்க இப்போது எனக்கு அனுமதியில்லை, என் கணக்கில் நீ கொடு. முருகன் உங்கள் இருவரையும் நோய் அண்டாமல் வைக்கட்டும்.

திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு மணிக்கு மாத்திரை. திருமூர்த்தி பார்த்தால் போதும் என்கிறது சட்டம். எனக்குப் போதவில்லை, அமராவதி.

உன்,
மயில்சாமி