பெரியவரைப் பிரித்து வைத்தது

ஜூன் 10, செவ்வாய்

மதுரைக் கம்பெனியின் ஆன்லைன் மீட்டிங்கில் இன்றும் தும்மல். "துர்கா, ஒரு டாக்டரைப் பாருங்க" என்றார் மேனேஜர். டாக்டர் என்ன செய்வார்? நான் உட்கார்ந்து வேலை பார்க்கிற அறையில் பரளச்சி ஊர் மிளகாய் வத்தல் மூட்டை கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிறது. மாமனார் தனுஷ்கோடிக்கு முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் குடோன். அந்தக் குடோனுக்குத்தான் மருமகள் ஆபீஸ் என்று இன்னொரு பெயர்.

மூட்டை தூக்க இடைஞ்சல் என்று கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துவிட்டார். தட்டுகிற பழக்கம் கிடையாது. இன்று மீட்டிங் நடுவே கேமராவுக்குக் குறுக்கே நின்று, மூட்டைக்குள் கைவிட்டு, வத்தலை மோந்து பார்த்து, "ஈரமால்ல இருக்கு" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். மேனேஜர் வணக்கம் சொன்னார். மாமாவும் சொன்னார். எல்லாருக்கும் என்ன மரியாதை!

மாடிப் போர்ஷன் சித்திரையிலிருந்து காலி. குடியிருந்த வாத்தியார் திருச்சுழிக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நாங்கள் மேலே போய்விட்டால் எனக்கென்று ஒரு கதவு, ஒரு அடுப்பு. அதுதான் வேண்டும், வேறொன்றும் வேண்டாம். என் வீட்டுக்காரர் உதயகுமார் அப்பாவிடம் கேட்கிறேன் என்கிறார். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், மனசுக்குள்.

ஜூன் 14, சனி

லீவு. அதாவது காசு வராத வேலை. எண்பதுகளில் வந்து செத்துப்போன ஒரு கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கிற புரோகிராம், எமுலேட்டர். உலகத்தில் அங்கங்கே இருக்கிற கிறுக்குகள் சேர்ந்து எழுதுகிறோம். பாளையம்பட்டிக்கு நான், மதுரைக்கு என் காலேஜ் தோழி அஷ்லின்.

உள்ளே புரோகிராம் கோடு கிடக்கிற லட்சணம்: கீபோர்டு, ஃபிளாப்பி, திரை எல்லாம் ஒரே ஃபைலில், ஒருத்தர் தட்டில் ஒருத்தர் கைவைத்துக்கொண்டு. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனி டிவைஸாகப் பிரிக்க வேண்டும். எது எதோடு இணைகிறது என்பது மட்டும் 'டிரைவர்' என்கிற தனிக் கோடில் இருந்தால் போதும். இதற்கு நடுவில் ஒரு சிப். யார் யாரோடு பேசினாலும் அதன் வழியாகத்தான். முதலில் எழுதிய வெள்ளைக்காரர் அதற்கு 'பாஸ்' என்று பேர் வைத்துவிட்டுக் காணாமல் போய்விட்டார். நாங்கள் 'பெரியவர்' என்போம். கீபோர்டு 'சின்னவ'.

என்னம்மா செய்யிற என்று அத்தை முத்துலட்சுமி கேட்டார். டிரைவர் எழுதுறேன் அத்தை என்றேன். சாயங்காலம் எதிர்வீட்டு ஆவுடைத்தாய் அக்கா என்னை நிறுத்தி, "டிரைவர் உத்தியோகமாமே, எந்த ரூட்டு பஸ்ஸு?" என்று விசாரித்தார்.

ஜூன் 23, திங்கள்

இவர் இன்றும் மாடியைக் கேட்கவில்லை. அப்பாவுக்கு முகம் சரியில்லையாம். மாமாவுக்கு முகமே அதுதான்.

ஜூலை 5, சனி

காதில் ஹெட்போன் மாட்டினால் நான் தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேசுவேன். இன்று அஷ்லினோடு பேசும்போது பெரியவர் மேல் அப்படி ஒரு எரிச்சல்.

"அவரைத் தூக்குனாத்தான்டி சரிப்படும்" என்றேன். "எல்லாத்துலயும் கைய விடுறாரு. அவரைக் கேக்காம ஒருத்தரும் ஒருத்தர்கூடப் பேச முடியல. முதல்ல அவரை வெட்டி விடுவோம். சின்னவளைத் தனியாப் பிரிச்சுட்டா எல்லாரும் நிம்மதியா இருக்கலாம்."

திரும்பினால் வாசலில் அத்தை, கையில் காப்பி. சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டம்ளரை மூட்டை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். சீனி போட மறந்திருந்தார்.

ஜூலை 8, செவ்வாய்

வீட்டில் என்னவோ நடக்கிறது. மாமா என் அறைப் பக்கமே வருவதில்லை. வத்தல் மூட்டையெல்லாம் கடைக்குப் போய்விட்டது. கடை சாத்தும்போது இன்டர்நெட் பெட்டியையும் அணைத்துவிட்டு வருவார், இப்போது அதுவும் இல்லை. அத்தை சோறு போட்டுவிட்டு "போதுமாங்க?" என்கிறார். என்னை! எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 9, புதன்

இவர்தான் போட்டு உடைத்தார். "ஏன் துர்கா, எங்கப்பாவை வெட்டி விடணும்னு சொன்னியா? அம்மா மூணு நாளா அழுகுது."

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். பெரியவர் யார், சின்னவள் யார் என்று விளக்கியதும் அவரும் சிரித்தார். அப்புறம் சிரிப்பு அடங்கியது. நான் சிப்பைச் சொன்னதில் மாமாவுக்குப் பொருந்தாத வார்த்தை ஒன்று உண்டா? யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை.

"நாளைக்கு நானே அவுககிட்டச் சொல்லிர்றேன்" என்றேன்.

ஜூலை 10, வியாழன்

கடைக்குப் போனேன். மாமா தராசில் வத்தல் கொட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, அன்னைக்கு நான் போன்ல பேசுனது..."

அவர் தலையைத் தூக்கவே இல்லை. "மாடிக்கு வெள்ளையடிக்க ஆளு சொல்லியிருக்கேன். ஆடி பொறக்கப் போகுது. ஆவணியில நல்ல நாளாப் பாத்துப் பாலக் காய்ச்சிருங்க."

வாயை மூடிக்கொண்டேன். ஆமாம், மூடிக்கொண்டேன்! மாடி கைக்கு வருகிற நேரத்தில் சிப்பாவது மண்ணாங்கட்டியாவது. சரிங்க மாமா என்று மட்டும் சொல்லிவிட்டு, நல்ல மருமகளாகத் தலையைக் குனிந்தபடி வந்துவிட்டேன்.

சந்தோஷமாக இருக்கிறது. ச்சீ என்றும் இருக்கிறது. அந்த மனுசர் தன்னைத்தான் தூக்கச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு எனக்கு வீடு கொடுக்கிறார். நானும் வாங்கிக்கொண்டேன். என்ன பொம்பளைடி நீ?

ஜூலை 19, சனி

பெரியவரை வெட்டியாயிற்று. கோடு பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஓடவிட்டேன். முதல் எழுத்து அடித்தால் வருகிறது. இரண்டாவது எழுத்து வரவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். ம்ஹூம். ஒரே எழுத்தில் எழுத வேண்டியதை எல்லாம் எழுதிக்கொள்ளலாம். எவ்வளவு சிக்கனம்!

ஜூலை 27, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டோம். சின்னவள் ஒரு எழுத்து வந்ததும் மணி அடிப்பாள். யாராவது அதை நிறுத்தினால்தான் அடுத்த எழுத்தை வாங்குவாள். இத்தனை காலமும் நிறுத்திக்கொண்டிருந்தது பெரியவர். யாரும் அவரிடம் சொல்லவில்லை, எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை. போகிற போக்கில் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அய்யோ பாவம்டி மனுசன்" என்றாள் அஷ்லின். சிப்புக்குப் போய் இரக்கப்படுகிறாள். கிண்டல் பண்ண வாய் வந்தது, பண்ணவில்லை.

அவரைத் திரும்பக் கூட்டிவந்து தனி டிவைஸாக உட்கார வைத்தோம். கூப்பிட்டால் வருவார். கூப்பிடாமல் யார் வேலையிலும் கை வைக்க மாட்டார். மணி நிறுத்துகிற வேலை இப்போது அவர் பேரிலேயே இருக்கிறது. கீபோர்டு ஓடுகிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எங்கள் மாற்றத்தை எமுலேட்டரில் சேர்த்துக்கொண்டார்கள். மாடியில் அடுப்பு எந்தத் திசை, மிக்ஸி எந்த மூலை என்பதை எல்லாம் அத்தை முடிவு பண்ணிவிட்டார். தனிக்குடித்தனம் நன்றாகத்தான் தொடங்குகிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விடியக்காலையில் பால் காய்ச்சினோம். கிழக்குப் பக்கமாகப் பொங்கியது என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம். சொந்தக்காரர்கள் வந்தார்கள், டம்ளர் பற்றாமல் கீழேயிருந்து வாங்கி வந்தோம். மாமாவை மட்டும் காணோம். கடைக்கு லோடு வந்திருக்கிறது என்றார் இவர். லோடு எதுவும் வரவில்லை, நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

எல்லாரும் போன பிறகு படியில் செருப்புச் சத்தம். கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. மாமா வெளியிலேயே நின்றார்.

"உள்ள வரலாமாம்மா?"

"என்ன மாமா கேள்வி, வாங்க" என்று சொல்லிப் பால் கொடுத்தேன். உட்கார்ந்து மெதுவாகக் குடித்தார். மேஜையிலிருந்த என் லேப்டாப்பைப் பார்த்தார்.

"அதுக்குள்ள ஒரு பெரியவரு இருந்தாரே. இப்ப எப்படி இருக்காரு?"

"மாமா... உங்களுக்கு..."

"உதயா அன்னிக்கே வந்து சொல்லிட்டான்."

"வெள்ளையடிக்க ஆளு சொல்றதுக்கு முன்னாடியேவா?"

"ம்."

"அப்புறம் ஏன் மாமா?"

"நீ மிஷினைத்தான் சொல்லியிருக்க. ஆனா எனக்கு ஒறைச்சிச்சே."

உதயா! இவ்வளவு நாள் வாயே திறக்காத பிள்ளை, திறந்ததையும் என்னிடம் சொல்லவில்லை. அவரை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன். அழுகையை அடக்கிக்கொண்டு மாமாவுக்குப் பதில் சொன்னேன்.

"நல்லாருக்காரு மாமா. தூக்கிப் பாத்தோம். அவரு இல்லாம ரெண்டாவது எழுத்தே வரல. இப்பத் தனியா ஒரு இடம் குடுத்திருக்கோம்."

"சும்மா உக்காந்திருக்காரா?"

"இல்ல மாமா, கூப்பிட்டா வருவாரு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போய், திரும்பிப் பார்க்காமலே, "கூப்பிடணும்ல" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

நாளை மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமா, அத்தை இரண்டு பேரையும் மேலே கூப்பிட வேண்டும்.