பல் கழற்றிய பொக்லைன்

என்னவளுக்கு,

உன் அம்மா வீட்டிலேயே இரு என்று நான்தான் சொன்னேன். இதைப் படித்ததும் கிளம்பி வா. ஒரு பழைய பொக்லைன் வாங்கிவிட்டேன். திட்டாதே.

விற்ற கிஷிமோதோ சான், நான் போவதற்கு முன்பே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார். குளிர்ந்த எஞ்சின் கிளம்ப அடம்பிடிப்பதை மறைக்கத்தான். தொட்டதுமே தெரிந்தது. ஹைட்ராலிக் குழாயும் கசிகிறது. இதே வண்டி ஓட்டிப் பிழைப்பவன் நான். வேறு சமயமென்றால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் தேட வந்தவர்கள் மலை சரிந்து மூடிய இடத்திலிருந்து தங்கள் வண்டிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடம் என்றால் வாடகைக்கும் யாரும் தருவதில்லை.

"பக்கெட் பல்லையெல்லாம் கழட்டிக் குடுங்க" என்றேன்.

"பல்லு இல்லாம மண்ணைத் தடவிக் குடுக்கப் போறியாய்யா? எந்த ஊருல வேலை?" என்று சிரித்தார்.

ஊரைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு தானே மண்டியிட்டு ஒவ்வொரு பல்லாகத் தட்டிக் கழற்றி, விளிம்பை அரத்தால் மழுங்கத் தேய்த்துக் கொடுத்தார். தீட்டுக் கழிய வண்டிக்குத் தூவ உப்பு எடுத்தார். சாவுக்குப் போய் வந்தாலும் அதைத்தானே தூவுகிறோம்? வேண்டாமென்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

நம் வீடு இருந்த இடத்தில் தோண்டத் தொடங்கிவிட்டேன். கீழே நின்று பார்க்க ஆளில்லை. நீ கை தூக்கினால் நிறுத்திவிடுவேன்.

வரும்போது சுமிரேவின் கம்பளிச் சட்டையை எடுத்து வா. ஈரத்துணி உடம்பில் ஒட்டினால் அழுவாள்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா