அவருக்குப் பதில் நான்

1944 ஆகஸ்ட், வியாழன் இரவு

மழையே இல்லை. எங்கள் ஊர் காஜா பெராங்கில் கிணறுகளில் சேறுதான் வருகிறது. பக்கத்து ஊர் பத்து பெரெண்டாமின் விமானத் திடலில் ஜப்பான்காரனுக்கு மண் சுமக்கும் என் வீட்டுக்காரர், இன்று வெயிலில் மயங்கி விழுந்துவிட்டார். இரண்டு பேர் தாங்கி வந்து விட்டுப் போனார்கள். நாளை வீட்டிலிருந்து ஓர் ஆள் போகாவிட்டால் அரிசி அட்டையைப் பிடுங்கிவிடுவார்களாம்.

வீட்டுக்குள் அடுப்பு மூட்ட முடியாத புழுக்கம். கொல்லையில் மூன்று கல் வைத்து மரவள்ளிக்கிழங்கை அவித்தேன். தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து அவருக்கு ஊட்டினேன்.

“நாளைக்கு நான் போறேன்” என்றேன்.

“பொம்பள போற எடமா அது?”

“பொம்பளைங்களும்தான் அங்க கூடை தூக்குறாங்க. இன்னொரு நாள் இந்த வெயில்ல நின்னா நீங்க பொழைக்க மாட்டீங்க.”

மிச்சக் கிழங்கை நாளை மதியத்துக்கென்று வாழையிலையில் மடித்து வைத்தேன். திரும்பிப் பார்த்தால், அவர் தன் ஓலைத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, என் தலைக்குப் பொருந்தும்படி கயிற்றைச் சுருக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.